மஞ்சள் படாத தாள்

போன வாரம் மும்புவாவை நாம் விட்டுவிட்டு வந்த இடம் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. இந்த வாரமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். மார்ச் மாதத்திலிருந்து அவளுக்கு அந்த மேசைதான் ஆபீஸ், மகளின் பள்ளிக்கூடம், காய் நறுக்குகிற இடம், அழ வேண்டுமென்றால் அழுகிற இடம், எல்லாம்.

நைரோபியில் நோய் வந்த புதிதில் எஞ்சினியர் கிலோன்சோ தன் ஆபீஸைப் பூட்டினார். ஆளுக்கொரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்றார். மும்புவா தன்னுடையதைப் போர்வையில் சுற்றி, மத்தாத்து என்கிற ஷேர் வேனில் மடியில் வைத்துக்கொண்டு ஆதி ரிவரில் இருக்கிற வீடு வரை வந்தாள். பக்கத்தில் இருந்த ஒருவர், பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று விசாரித்தாராம். அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்தார்கள். இப்போது யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

இரும்புக் கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் வரைவது அவள் வேலை. கணக்குப் போடுவது கிலோன்சோ. வரைந்ததைப் பார்த்து, சரி என்றால் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். அந்தக் கையெழுத்து இல்லாமல் பட்டறையில் ஒரு தகட்டைக்கூட வெட்ட மாட்டார்கள். பட்டறை ஃபோர்மன் வேறு யாரும் இல்லை, மும்புவாவின் கணவன் முலிங்கேதான். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் முதன்முதலாகப் பேசியதே ஒரு வரைபடத்தை வைத்துப் போட்ட சண்டையில்தான்.

இன்றைக்கு முலிங்கே மச்சாகோஸ் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அங்கே தொற்று நோயாளிகளுக்காகக் கட்டுகிற புது வார்டின் கூரை பீம்களை இன்று மேலே ஏற்றுகிறார்கள். அவன் தங்கை கமேனே அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வாரம் மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்ட கிலோன்சோவும் அங்கேதான் இருக்கிறார். தான் கணக்குப் போட்ட வார்டு எழும்புவதற்கு முன்பே அவருக்குக் கட்டில் தேவைப்பட்டுவிட்டது.

காலையில் கமேனே குரல் செய்தி அனுப்பியிருந்தாள். கிரேன் வந்துவிட்டதாம். நடக்க முடிகிற நோயாளிகள் எல்லாம் ஜன்னலில் கூடி வேடிக்கை பார்க்கிறார்களாம். இன்னும் பத்து நாள், அண்ணி, அப்புறம் என் ஆட்களை ஒழுங்கான கூரைக்குக் கீழே படுக்க வைப்பேன் என்று முடித்திருந்தாள். மும்புவா அதை இரண்டு தடவை கேட்டாள். தான் வரைந்த ஒன்று ஒருவருக்கு இவ்வளவு சந்தோஷம் தருகிறதே என்று மனசு நிறைந்துபோய், சர்க்கரைவள்ளிக்கிழங்கை மகளுக்கு உரித்துக் கொடுத்தாள்.

அந்த நிறைவு ஒரு தம்ளர் சாயா ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை.

ஜெப்கெமோய் கூப்பிட்டாள். இவளோடு ஒரே அறையில் வரைந்தவள். இப்போது எல்டோரெட்டில் அப்பா வீட்டு மாடியில் இருந்து வரைகிறாள். கிலோன்சோவுக்குப் பதிலாக வேலையைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள ஒரு எஞ்சினியர் ஒத்துக்கொண்டிருக்கிறார், அவர் மஞ்சள் தாள்களை எல்லாம் கேட்கிறார் என்றாள். மற்ற வேலைகளின் தாள்கள் அவளிடம் இருந்தன. ஆஸ்பத்திரி வேலையுடையது மட்டும் மும்புவா அனுப்ப வேண்டும். இதோ அனுப்புகிறேன் என்று மும்புவா சொன்னாள்.

மஞ்சள் தாள் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் நடந்த நாளில், வரைந்ததைப் பெரிய தாளில் அச்செடுத்து கிலோன்சோவின் மேசையில் விரிக்க வேண்டும். மஞ்சள் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவார். ஒவ்வொரு எண்ணையும் தன் கணக்கோடு ஒப்பிட்டு, சரியானதன் மேல் மஞ்சள் பூசுவார், தப்பானதைச் சிவப்பில் சுழிப்பார். ஒரே ஒரு எண்ணில் மஞ்சள் படாமல் இருந்தாலும் தாள் வாசலைத் தாண்டாது. கை ஒடிந்தாலும் இந்த வேலையை அவர் அடுத்தவரிடம் விட்டதில்லை.

எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு அச்செடுக்க வழியில்லை. தாள் கம்ப்யூட்டர் வழியே அவருடைய பண்ணை வீட்டுக்குப் போகும். அவர் திரையிலேயே மஞ்சள் பூசித் திருப்பி அனுப்புவார். கையெழுத்தை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் போட்டு, படம் எடுத்து மும்புவாவுக்கு அனுப்பிவிட்டார். மஞ்சள் வந்ததும் நீயே ஒட்டிவிடு என்றார். நாற்பது தாள் உள்ள வேலையில் ஒவ்வொன்றாகத் திறந்து ஒட்டுவதற்குள் கரண்ட் போகும், இணையம் போகும், மகள் முதானுவின் டீச்சர் போனில் வருவார், பட்டறைக்காரர்கள் தாள் எங்கே தாள் எங்கே என்று உயிரை எடுப்பார்கள்.

ஜூன் மாதத்தில் மும்புவா ஒரு வழி கண்டுபிடித்தாள். எல்லாத் தாளுக்கும் ஓரத்தில் ஒரே மாதிரி சட்டம் உண்டல்லவா, பெயரும் தேதியும் போடுகிற இடம். அந்தச் சட்டத்திலேயே கையெழுத்தைப் பதித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் புதுத் தாளைத் திறந்தாலும், ஒரு கோடு வரைவதற்கு முன்பே எஞ்சினியரின் கையெழுத்து கீழே தயாராக நிற்கும். இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. மஞ்சள் வராமல் எதையும் அனுப்பப் போவதில்லை, பிறகு என்ன என்று நினைத்தாள். கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்துக்கொண்டாள். அந்த மேசையில் அந்த ஜூன் மாதத்தில் உட்கார்ந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மஞ்சள் தாள்களை வரிசையாக எடுத்துக்கொண்டு வந்தவள் பதினாலாம் தாளில் நின்றாள். பதிமூன்று இருந்தது, பதினைந்து இருந்தது. பதினாலுக்கு மஞ்சள் இல்லை.

வேறு எங்கோ வைத்திருப்போம் என்று தேடினாள். போனில் தேடினாள், மின்னஞ்சல்களில் தேடினாள். பிறகு நினைவு வந்தது. அந்தத் தாளைப் பார்ப்பதற்காகப் பட்டறைக்கும் பொதுவான கோப்புறையில் அவள் போட்டு வைத்த அன்றுதான் கிலோன்சோவுக்குக் காய்ச்சல் கண்டது. அவர் அதைத் திறக்கவே இல்லை. திறந்தது பட்டறைக்காரர்கள். தாளில் கையெழுத்து இருந்தது, எடுத்துக்கொண்டு போனார்கள். எடுத்தது முலிங்கே.

பதினாலாம் தாள் கூரை பீமின் நடு இணைப்பு. முழு நீள பீமை லாரியில் கொண்டு போக முடியாது என்பதால் இரண்டு துண்டாகச் செய்து, கட்டடம் நடக்கிற இடத்தில் தகடு வைத்து போல்ட் முடுக்குவார்கள். கிலோன்சோ கையால் எழுதி அனுப்பிய கணக்கைத் திறந்து பார்த்தாள். பன்னிரண்டு போல்ட் என்று இருந்தது. தன் வரைபடத்தில் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஆறுதான் இருந்தது.

எப்படி வந்தது என்பதும் புரிந்துவிட்டது. பழைய வேலை ஒன்றில், ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரைந்த இணைப்பை அப்படியே எடுத்து இங்கே வைத்திருந்தாள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று. மாற்ற மறந்துவிட்டாள். ஆபீஸில் என்றால் இது இவ்வளவு தூரம் வந்தே இருக்காது. கிலோன்சோ டீக் கோப்பையோடு நாற்காலிகளுக்குப் பின்னால் நடக்கும்போது, இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நின்றிருப்பார். ஜெப்கெமோய் எட்டிப் பார்த்துக் கிண்டல் செய்திருப்பாள். வீட்டில் அவள் முதுகுக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டிதான் இருக்கிறது.

முலிங்கேயைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கிரேன் ஓடும்போது அவன் போனைத் தொட மாட்டான், அது அவன் வழக்கம். திரும்பத் திரும்ப அடித்தாள். முதானு வந்து பென்சில் சீவித் தரச் சொன்னாள். மும்புவா பென்சிலை வாங்கி, சீவாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கமேனேயைக் கூப்பிட்டாள்.

கமேனே எடுத்தாள். உடம்பெல்லாம் மூடிய கவச உடையில் இருந்தாள், போனை பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தாள். மும்புவா விஷயத்தைச் சொன்னாள். உன் அண்ணனைக் கூப்பிடு, பீம் ஏறக் கூடாது என்று முடித்தாள். தன் ஆட்கள் ஜன்னலில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கமேனே முணுமுணுத்தாள். ஆனாலும் நடந்தாள். அவள் மூச்சு வாங்குவதும், கிரேன் சத்தம் நெருங்குவதும் கேட்டன.

நோயாளிகள் பக்கத்துக்கும் வேலை நடக்கிற பக்கத்துக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றின் இந்தப் பக்கம் நின்று அவள் கத்திக் கூப்பிட, அந்தப் பக்கம் முலிங்கே வந்து நின்றான். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையை நீட்டிப் பிடித்தாள்.

"என்ன முதானு அம்மா, பீம் கயித்துல தொங்குது. சீக்கிரம் சொல்லு."

"இறக்கிடுங்க. பதினாலாம் தாள் தப்பு. பன்னெண்டு போல்ட் வேணும், நான் ஆறுதான் போட்டிருக்கேன்."

"எஞ்சினியர் கையெழுத்துப் போட்ட தாள் அது. என் பாக்கெட்ல மடிச்சு வச்சிருக்கேன். படுத்திருக்கிற மனுஷன் சரின்னது, இன்னிக்கு எப்படித் தப்பாச்சு?"

மும்புவா பென்சிலை இறுக்கிப் பிடித்தாள். நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிடலாம். புது எஞ்சினியர் நிறுத்தச் சொன்னார் என்று ஒரு பொய் சொல்லலாம். இரண்டும் மனசில் வந்து போயின. அவளைப் பழிக்க எனக்கு மனமில்லை, யாருக்குத்தான் வராது.

"அவர் அந்தத் தாளைப் பார்க்கவே இல்ல. கையெழுத்தை நான் சட்டத்துலேயே பதிச்சு வச்சிருந்தேன், எல்லாத் தாள்லயும் தானா வரும்."



"இங்க என் ஆளுங்க நாலு பேர் நிக்கிறாங்க. நீ சொல்றது ஸ்பீக்கர்ல கேக்குதுன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுது."

அவன் விசில் அடித்தான். நீண்ட விசில், பிறகு ஒரு குட்டை விசில். பீம் கீழே இறங்கி மண்ணில் உட்காரும் சத்தம் ஆதி ரிவரில் சாப்பாட்டு மேசை வரை கேட்டது. மும்புவாவுக்கு அழுகை வந்தது, ஆனால் நிம்மதி வரவில்லை.

முலிங்கே கோபத்தில் இருந்தால் கிண்டல் செய்வான். அதையும் செய்தான். "நல்லது. நீயும் வீட்ல, நானும் வீட்ல. ரெண்டு பேரும் உக்காந்து மாத்தி மாத்தி உகாலிக் களி கிண்டலாம்." பிறகு குரல் இறங்கியது. "அந்தச் சட்டத்தை எப்போ மாத்தின?"

"ஜூன்ல."

குறுக்கே பேசியது கமேனே. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அண்ணி, எங்க முற்றத்துக் கொட்டகை ஜூலைல போட்டது."

அந்தக் கொட்டகையை மும்புவா மறந்தே போயிருந்தாள். நோயாளிகள் தாழ்வாரத்தில் தரையில் கிடக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி அலறியபோது, ஒரே வாரத்தில் வரைந்து, ஒரே வாரத்தில் முலிங்கே நிறுத்திக் கொடுத்தது. இப்போது அதற்குள் எட்டுக் கட்டில். எட்டும் ஆக்ஸிஜன் கட்டில். கிலோன்சோ அங்கேதான் படுத்திருந்தார்.

அந்த வேலையின் கோப்பைத் திறந்தாள். மூன்றே தாள். முதல் தாளுக்கு மஞ்சள் இருந்தது. இரண்டாவதற்கு இருந்தது. மூன்றாவதற்கு இல்லை. அந்த வேலைக்குக் கிலோன்சோ கணக்கை எழுதிக்கூட அனுப்பவில்லை, போனிலேயே சொன்னார். சொன்னதை அவள் எங்கும் குறித்து வைக்கவில்லை. எதிரில் இருக்கிற மனிதரிடம் எப்போது வேண்டுமானாலும் திரும்பிக் கேட்டுக்கொள்ளலாம் என்கிற பழக்கம், மனிதர் அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகும் அவளை விடவில்லை.

"அது தாங்குமா அண்ணி?"

"தெரியலை."

"விழுமா?"

"தெரியலை கமேனே. எனக்குக் கணக்குத் தெரியாது. அவருக்குத்தான் தெரியும்."

அவரைப் பேச வைக்கக் கூடாது என்று கமேனே கண்டிப்பாகச் சொன்னாள். குப்புறப் படுக்க வைத்திருக்கிறோம், இரண்டு வார்த்தை பேசினால் ஆக்ஸிஜன் அளவு கீழே போகிறது என்றாள். சொல்லிக்கொண்டே நடந்தாள். கொட்டகைக்குள் சிலிண்டர்களின் சீறல் கேட்டது. யாரோ இருமினார்கள்.

கிலோன்சோ அவள் கேட்பதற்காகக் காத்திருக்கவில்லை. முப்பது வருடமாக வேலையிடங்களின் சத்தத்தைக் கேட்டவர். ஏறிக்கொண்டிருந்த கிரேன் நடுவில் நின்றுவிட்டதே, என்ன ஆயிற்று என்று அவராகவே கையசைத்துக் கேட்டார். கமேனே சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. சட்டத்தைச் சொன்னாள், கையெழுத்தைச் சொன்னாள், தலைக்கு மேல் இருக்கிற கூரையைச் சொன்னாள். பிறகு போனை அவர் முகத்துக்குப் பக்கத்தில் தலையணையில் வைத்தாள்.

மும்புவா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அதெல்லாம் அப்புறம். மூணாம் தாளைப் படி."

திரையில் இருந்ததை அவள் வாசித்தாள். பீமின் நீளம் எட்டு மீட்டர் என்றாள். அந்தப் பக்கம் முகமூடிக்குள் மூச்சை இழுத்து, அவர் குரல் சரி என்றது. பீமுக்கும் பீமுக்கும் இடைவெளி நான்கு மீட்டர். சரி. தகட்டின் கனம். சரி. ஒவ்வொரு சரிக்கும் அவருக்கு அதிக நேரம் பிடித்தது. கமேனே ஆக்ஸிஜன் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலும், போதும் போதும் என்று நடுவில் சொன்னாள். அவர் நிறுத்தவில்லை.

"நடு இணைப்பு," என்றாள் மும்புவா. "போல்ட் ஆறு."

சரி வரவில்லை.

"எட்டு சொன்னேனே மும்புவா," என்றார். திட்டுகிற குரல் இல்லை. அது அவளுக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்தார். வெறும் தகரக் கூரைதான், ஆறே தாங்கலாம் என்றார். பிறகு கமேனேயைக் கேட்டார். "கூரை மேல வேற எதுவும் வைக்கலையேம்மா?"



"தண்ணித் தொட்டி வச்சிருக்காங்க, போன வாரம். கை கழுவ."

"நிறைஞ்சிருக்கா?"

"காலைலதான் நிரப்பினாங்க."

கிலோன்சோ குப்புறப் படுத்திருந்தார். அவர் பார்வைக்குக் கட்டிலின் காலும் சிமெண்ட் தரையும்தான் தெரிந்தன. எந்தக் கட்டிலுக்கு மேலே இருக்கிறது என்று கேட்டார். கமேனே நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

"உங்களுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நேர் மேலே, எஞ்சினியர்."

"தண்ணியைத் திறந்து விடச் சொல்லு. கட்டில் எல்லாம் வெளியே போகணும். மெதுவா." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. ஏதோ ஒரு கருவி விடாமல் கூவத் தொடங்கியது.

ஒரு கட்டிலைச் சிலிண்டரோடு நகர்த்த நான்கு பேர் வேண்டும். கொட்டகையில் கமேனேயும் இன்னொரு நர்ஸும் மட்டும்தான். மும்புவாவுக்கு அது புரிந்த அதே நேரத்தில் கமேனேயின் குரல் கேட்டது. போனில் பேசுகிற குரல் இல்லை. வாசலைப் பார்த்து, கயிற்றைத் தாண்டி, முழு பலத்தோடு கூப்பிடுகிற குரல்.

"அண்ணா, உன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு உள்ளே வா."

வேலை நின்றுபோய் நாலு பேரும் சும்மாதான் நின்றுகொண்டிருந்தார்கள். நிற்க வைத்தவள் மும்புவா. அவர்களிடம் கவச உடை இல்லை, கையுறை என்றால் வெல்டிங் கையுறைதான். முலிங்கே காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போட்டிருந்த துணி மாஸ்க்கை அவள்தான் பழைய தலையணை உறையில் தைத்துக் கொடுத்திருந்தாள்.

பூட்ஸ் சத்தம் ஓடி வந்தது. தலையணைக்கு வெகு பக்கத்தில், மிகத் தெளிவாக, தன் கணவனின் குரலை அவள் கேட்டாள்.

"யாரை முதல்ல எடுக்கணும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"முலிங்கே, வெளியே போயிடு," என்றாள் மும்புவா. "முலிங்கே."

போன் தலையணையிலேயே கிடந்தது. கட்டிலின் சக்கரங்கள் உருளத் தொடங்கின.